பூண்டுக்கும் எனக்கும் ஒரே அடுப்பு

கொடைக்கானலிலிருந்து முதல் பஸ் பூம்பாறைக்கு வந்து சேரும்போது எங்கள் ஊரில் மூடுபனி விலகியிருக்காது. முதலில் விளக்கு இரண்டும் வரும், அப்புறம்தான் பஸ் வரும். போன வியாழக்கிழமை அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி எங்கள் வீட்டுப் படி வரை நடந்து வந்தார்.

"டீச்சர், ஒங்க எஸ்தர் டீச்சர் தவறிட்டாங்க. நேத்துச் சாயங்காலம். வெயில் காஞ்சுக்கிட்டு நாற்காலியில உக்காந்திருந்தவங்க, அப்படியே போயிட்டாங்களாம்" என்றார்.

எஸ்தர் டீச்சர் வெயிலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால் தூங்குகிறாரா யோசிக்கிறாரா என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரர்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். வெயில் இறங்கி, பனி ஏறி, அதன் பிறகும் அவர் எழுந்து உள்ளே போகாததைப் பார்த்துத்தான் தொட்டுப் பார்த்தார்களாம். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புவதற்கே மூன்று தடவை "போயிட்டு வாரேன்" சொல்கிற மனுஷி அவர்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலில் மிஷன் வளாகத்தை ஒட்டிப் பிறந்து வளர்ந்தவர். எழுபதுகளின் கடைசியில் எங்கள் தொடக்கப் பள்ளிக்கு மாற்றலாகி, தினமும் பஸ்ஸில் வந்து போனார். நான் வத்தலக்குண்டுக்காரி. இங்கே வேலைக்கு வந்து, பூண்டு போடுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவள். எஸ்தர் டீச்சருக்கு மூன்றாம் வகுப்பு, எனக்கு நான்காம் வகுப்பு, நடுவில் ஒரு மூங்கில் தட்டி. அவர் வகுப்பு அமைதியாகவும் என் வகுப்பு சந்தைக்கடையாகவும் இருந்ததற்கு இன்றுவரை அந்தத் தட்டியைத்தான் குறை சொல்லி வருகிறேன்.

மார்கழி மாதத்தில் ஒருநாள் சாயங்கால பஸ் வரவில்லை. டீ குடிக்க அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். நடு அறையில் நின்றவர் என் கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக்கொடுத்த பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார். பீரோவைப் புகழப் போகிறார் என்று நான் நிமிர்ந்து நின்றேன்.

"கமலா டீச்சர், இதுக்குப் பின்னாடி ஜன்னல் இருக்குல்ல? தெக்குப் பாத்த ஜன்னல். வெயில் வெளியிலயே நின்னுக்கிட்டு இருக்கு பாருங்க, பாவம். உள்ள கூப்பிடுங்க" என்றார்.

டீ குடிக்க வந்து, பீரோவையே இடம் மாற்றிய விருந்தாளி அவர் ஒருவர்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது வடக்குச் சுவருக்குப் போனது. காலையில் ஜன்னல் வழியாக வெயில் வந்து சிமெண்டுத் தரையில் படுத்தது. மத்தியானம் வரைக்கும் மெதுவாக நகர்ந்தது. அந்தி சாய்ந்த பிறகும் அது படுத்திருந்த இடம் மட்டும் காலுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. நான் வேலையை எல்லாம் விட்டுவிட்டு வெறுங்காலோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். எத்தனையோ வருடமாக அந்த வீட்டில் இருந்திருக்கிறேன், அன்றைக்குத்தான் குடிவந்த மாதிரி இருந்தது.

அவருடைய வீடும் அப்படித்தான். இரண்டே அறை. "வீட்டுக்கு எது வேணும்னு கேக்காதீங்க, எது வேணாம்னு கேளுங்க" என்பார். அவர் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு பைபிள், நாலு பாத்திரம் மிஞ்சின. கூரைமேல் கறுப்பு பெயின்ட் அடித்த தகர டின்னில் குளிக்கத் தண்ணீர் காயும். மூடுபனி நாளில் அது ஐஸாக இருக்கும். "இன்னைக்கு சூரியனுக்கு லீவு டீச்சர்" என்று சொல்லிவிட்டு அதிலேயே குளிப்பார். எனக்கும் ஒரு டின் வைத்துத் தருகிறேன் என்றார். அந்தப் பக்தி எனக்கு இல்லை என்று கும்பிட்டுவிட்டேன்.

ஆனால் வைக்கோல் பெட்டியை ஏற்றுக்கொண்டேன். சோற்றை முக்கால் வேக்காட்டில் இறக்கி, வைக்கோல் திணித்த கள்ளிப்பெட்டிக்குள் பானையோடு வைத்து, மேலே பழைய கம்பளியைப் போர்த்திவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விடுவேன். திரும்பி வந்தால் சோறு தானாக வெந்து, பொலபொலவென்று, ஆவி பறக்க இருக்கும். வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போதே எனக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வரும். பூட்டின வீட்டுக்குள் யாருமில்லாமல் சோறு வெந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தால் ஏதோ கனவில் நடப்பது போல இருக்கும்.

இவ்வளவும் விறகை மிச்சம் பிடிப்பதற்கு என்றுதான் ஊரில் நினைத்தார்கள். உண்மையில் அது என் நெஞ்சுக்காக. அந்த வருடம் எனக்கு இருமல் முற்றியிருந்தது. எங்கள் ஊரில் அடுப்புப் புகைக்குப் போக்கிடம் கிடையாது. அது சமையலறையில் சுற்றி, ஓட்டு இடுக்கில் வழி கண்டுபிடித்துப் போகும். இருமி இருமி எனக்கு நிற்கவே முடியாமல் போய், கொடைக்கானலில் டாக்டரிடம் காட்டினோம். "இந்தப் புகையில் இருந்தால் நெஞ்சு தாங்காது. கீழே சமவெளிக்குப் போய்விடுங்கள்" என்று சொல்லிவிட்டார். நான் மாற்றல் கேட்கலாம். வத்தலக்குண்டில் அம்மா வீடு இருக்கிறது. வீட்டுக்காரருக்கு இங்கே பூண்டுக்காடு இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு கீழே வர முடியுமா?

எஸ்தர் டீச்சரிடம் சொன்னேன். அடுத்த வாரம் கொடைக்கானல் பஜாரில் தகர வேலை செய்யும் பாய் கடையில் குழாய் வளைக்கச் சொல்லி, அதைப் பஸ் கூரையில் போட்டுக் கொண்டுவந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண் குழைத்து, மூடின அடுப்பு ஒன்று கட்டினார். குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. பற்ற வைத்தோம். புகை வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போய்விட்டது. சமையலறையின் எதிர்ச் சுவரை நான் அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். ஒரே கறுப்பு. நானும் அவரும் அந்தச் சுவரைப் பார்த்துச் சிரித்தோம். இரண்டு மாதத்தில் இருமல் பாதியாகக் குறைந்தது.

அப்புறம் மழை பிடித்தது. ஒருநாள் காலையில் வீட்டுக்காரர் பரணிலிருந்து ஒரு கட்டுப் பூண்டை இறக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். அடுத்த நடவுக்கான விதைப் பூண்டு. பல்லெல்லாம் நசநசத்து, பூசணம் பிடித்து, சிலது முளைத்தும் இருந்தது. பரண் முழுக்க அப்படித்தான்.

பூம்பாறைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். எங்கள் விதைப் பூண்டு அடுப்புக்கு மேலே பரணில் தொங்கும். நாங்கள் சமைக்கிற புகைதான் ஈரம் ஏறாமல் அதைக் காப்பாற்றும். இது எனக்கும் தெரியும். எதிர்ச் சுவர் தெரிந்த சந்தோஷத்தில் மறந்துபோனேன். டவுனில் வளர்ந்த எஸ்தர் டீச்சருக்குப் பரணில் தொங்குவது சும்மா தொங்குகிறது.

வீட்டுக்காரர் குழாயைப் பிடுங்கி முற்றத்தில் வைத்தார். உடைக்கவில்லை, எறியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பூண்டுக்குப் புகை வேணும். ஒனக்குப் புகை ஆகாது. நீ வத்தலக்குண்டுக்கே போயிரு கமலா. நான் லீவு நாள்ல வந்து பாத்துக்கிறேன்."

சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. அன்றைக்கே மாற்றல் மனு எழுதி, பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டேன்.

எஸ்தர் டீச்சர் விஷயத்தைக் கேட்டதும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் ஏணி கேட்டார். பரணில் ஏறி, அழுகின பூண்டுக்கு நடுவில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். வெளியே மழை. உள்ளே குழாய் போன அடுப்பின் புகை அவரைச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தது. நெடுநேரம் கழித்து மேலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, இந்தப் புகை இங்கன என்ன சோலி பாக்குதுன்னு கேக்காம நான் வெளிய அனுப்பிட்டேன். தப்பு என்னோடதுதான்."

"எனக்கு மட்டும் கீழ புகையணும்னு ஆசையாங்க டீச்சரம்மா? பரண்ல இருந்தா போதும். கீழ எறங்காத புகைன்னு ஒண்ணு இருந்தா கொண்டாங்க, பாப்பம்" என்று வீட்டுக்காரர் எரிச்சலில் சொன்னார்.

 மேலேயிருந்து எஸ்தர் டீச்சர் தலையை நீட்டிச் சிரித்தார். முகமெல்லாம் கரி. "அண்ணே, பலகை இருக்கா? வெரசா கொண்டாங்க."

பரணின் மூங்கில் கழிகளுக்கு மேல் இருவரும் பலகை பரப்பி, இடுக்கெல்லாம் மண் பூசினார்கள். குழாயை வெளிச் சுவருக்குக் கொண்டுபோகாமல் நேராகப் பலகையைத் துளைத்துப் பரணுக்குள் விட்டார்கள். பலகை கருகாமல் குழாயைச் சுற்றி மண் அப்பி, தீப்பொறி ஏறாமல் அதன் வாயில் ஒரு தகரத் தொப்பியும் போட்டார்கள். புகை பூண்டோடு இருந்துவிட்டு ஓட்டு இடுக்கில் போனது. கீழே ஒரு இழைகூட இறங்கவில்லை. யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. கூரை தாழ்ந்ததில் வீட்டுச் சூடு மேலே ஓடாமல் எங்களோடேயே தங்கியது. பலகை தலைக்கு மேல் கதகதவென்று இருந்தது. முன்பு சாயங்காலம் குளிர் காய்வதற்கென்று தனியாக ஒரு கணப்பு மூட்டுவோம். அது தேவைப்படாமல் போனது. சமைக்கிற நாலு விறகே போதும்.

"ஒரு நெருப்பு, மூணு சோலி" என்றார் எஸ்தர் டீச்சர். அந்த வருடம் அக்கம்பக்கத்தில் கடன் வாங்கிய விதையைத்தான் நட்டோம். அடுத்த நடவுக்கு எங்கள் பரணிலிருந்தே இறக்கினோம். ஒரு பல்கூடச் சொத்தை இல்லை. என் மனு அனுப்பாமலே பையில் கசங்கி, ஒருநாள் அந்த அடுப்புக்கே போனது.

அடக்கத்துக்கு இருவரும் போனோம். கல்லறைத் தோட்டத்தில் நல்ல வெயில். அவருக்கு அது பிடித்திருக்கும் என்று நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. வாய்விட்டே அழுதேன். அவருடைய ஞாபகமாக உங்களிடம் ஏதாவது இருக்கிறதா என்று அவர் தங்கை கேட்டார். இருந்த நாலு பாத்திரத்தையும் யார் யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸுக்குள்ளும் பனி புகுந்திருந்தது.  ஊர் நெருங்கும்போது வீட்டுக்காரர், "அந்தம்மா அன்னைக்குப் பரண்ல ஏறாம இருந்திருந்தா, நீ ஒரு ஊர்ல, நான் ஒரு ஊர்ல கெடந்திருப்போம்" என்றார். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார்.

எஸ்தர் டீச்சரின் தங்கைக்கு இப்போது பதில் சொல்கிறேன். அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது இந்த மனிதரைத்தான்.