நீளக் கொக்கி

“வலது கைதான் சார். ரெண்டு வெரலு. மில்லு சைடிங் தண்டவாளத்துல, அந்த வளைவுலதான் போச்சு.”

யாரும் விசாரிக்கவில்லை. சந்திரமௌலியின் மாட்டுங்கா வீட்டில், சாப்பாட்டு மேசைமேல் நீள்வட்டமாகப் போட்டிருந்த சின்னத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நெல்லையப்பன் சொன்னான். சந்திரமௌலிக்குத் தெரியாததா? மில் இன்ஜினியர் அவர். ‘வேகன் மாட்டியவனின் கவனக்குறைவு’ என்று அறுபத்திரண்டாம் வருஷம் எழுதி அவனை வீட்டுக்கு அனுப்பியதே அவர்தான். நாலு வருஷமாக அவன் தாராவியில் ஸ்டவ் ரிப்பேர் பார்க்கிறான். வளைவில் பொம்மை ரயில் கவிழ்கிறது என்று இப்போது அவரே ஆளனுப்பிக் கூப்பிட்டிருந்தார்.

“பழசெல்லாம் எதுக்குப்பா? ஜெர்மனி வண்டி இது. வளைவு வந்தா பெட்டி கவுந்துடறது. அதைப் பாரு.”

நெல்லையப்பன் இன்ஜினைத் திருப்பிப் பார்த்தான். கொக்கி குட்டை. அதையும் ஆடவிடாமல் திருகி முடுக்கியிருந்தது. அவன் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை. மேசைமேல் இருந்த சிவ்டா மிக்ஸர் தட்டிலிருந்து ஒரு பொரியை எடுத்து, இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே, வளைவின் உள்பக்கமாக வரும் பஃபர் முட்டுகளுக்கு இடையில் பிடித்தான். மறு கையால் வண்டியை வளைவுக்குத் தள்ளினான். பொரி பொடியானது.

“நேரா போறப்ப நடுவுல எடம் இருக்கு. வளைஞ்சா ஒட்டிக்கிடுது. பெட்டிய வெளிய தள்ளுது. கொக்கி நீளமா இருந்தா ஒட்டாது சார். அன்னைக்கும் நீளச் சங்கிலி தாங்கன்னு கேட்டம்லா? இருக்கத வச்சு மாட்டுன்னிய. எழுதுனத மட்டும் மாத்திக் குடுங்க. மில்லுல சேத்துக்கிடுவாங்க.”

சந்திரமௌலி அந்தப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, தண்டவாளத்தை வாயால் ஊதினார்.

“இதுக்கு நீளக் கொக்கியே போட்டுடு.”

பித்தளைத் தகட்டை வெட்டி, அராவி, துளையை அகலமாக்கி, கொக்கி இருபக்கமும் ஆடும்படி மாட்டினான். பத்துச் சுற்று ஓடியது. பெட்டி அசையவில்லை.

“பேஷ்! கை இப்படி இருந்தும் நன்னாப் பண்ணிட்டியே!”

“சார், அந்தக் காயிதம்…”

“பொம்மை வேற, மில்லு வேறப்பா. காப்பி குடிச்சுட்டுப் போ.”

குடிக்காமல் வந்துவிட்டான். தாராவியில் தன் வீட்டுச் சந்து முனையில் நின்றபோதே உள்ளே குழந்தை அழுவது கேட்டது. மகள் பெற்ற முதல் பிள்ளை, பதினாலு நாள். உள்ளே போகக் கால் வரவில்லை. காலையில் அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பெண்டாட்டியிடம் அவன்தான் சொல்லியிருந்தான்:

“ஏட்டி பேராச்சி, இன்னைக்கு இன்ஜினியரு என் தப்பு இல்லன்னு கண்ணால பாத்துருவாரு. மில்லுச் சம்பளத்துல பேரனுக்கு வெள்ளி அரணாக்கயிறு நாந்தான் போடுவேன். இங்க பாரேன், பயல, வெரலு இல்லாத எடத்தத்தான் புடிச்சிக்கிட்டு விடமாட்டேங்கான்!”