மச்சான் வாங்க மறுத்த பேட்டரி

பிள்ளைகளே, பொத்தானைத் தட்டியதும் வண்டி கிளம்பவில்லை என்றால் உங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. என் அக்கா வீட்டுக்காரர், உங்கள் மாமா, அந்தப் பொத்தானையே அவமானமாக நினைத்தவர். அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எழுமலையில் அவரிடம் ஒரு பழைய பெட்ரோல் லாரி இருந்தது. பெட்ரோலை அதிகம் குடிக்கிறது என்று என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜின் மாட்டியிருந்தார். வெங்காயம் ஏற்றி மதுரைக்கு ஓட்டுவார். பேட்டரி மட்டும் வாங்கமாட்டார். கண்மாய்க்கரை மேட்டில் வண்டியை நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் கொடுப்பார். காலையில் கல்லை எடுத்து, சரிவில் உருட்டி, கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். பேட்டரி வாங்குகிறவன் சோம்பேறி என்பது அவர் கட்சி.

ஒருநாள் மூட்டை சரிந்து விழுந்ததில் அவருடைய இடது முழங்கால் மடங்காமல் போயிற்று. கிளட்சை மிதிக்க முடியாது. அவருடைய தம்பி தயாராக நின்றார்.

"அண்ணே, இனி நான் ஓட்டுறேன். நீங்க பக்கத்துல ஒக்காந்து ஆரன் அடிங்க."

அந்த ஒரு பேச்சுதான். மறுவாரமே மதுரையில் என் லேத் பட்டறை வாசலில் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார் மச்சான். கூடவே, உடைத்துப்போட்ட வெளிநாட்டுக் கார் ஒன்றின் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்.

"மாப்ள, இதுல கிளட்சே கெடையாதாம். மாட்டிரு."

"மச்சான், இதை மாட்டுனா வண்டியைத் தள்ளி எடுக்க முடியாது. சக்கரம் சுத்துனாலும் என்ஜின் சுத்தாது. பேட்டரி வேணும்."

"அதெல்லாம் பாத்துக்கலாம். கிளட்ச் இல்லேல்ல?"

என்ஜினின் துளைகளும் கியர் பாக்ஸின் துளைகளும் ஒன்றுக்கொன்று பங்காளிப் பகை. நடுவில் தடித்த இரும்புத் தகடு ஒன்றைக் கடைந்து வைத்துச் சமாதானம் செய்தேன். கிளட்ச் பெடலையும் அறுத்தெடுத்தேன்.

எழுமலையில் வெள்ளோட்டத்தன்று சூடம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பாதி ஊர் சேர்ந்து தள்ளியது. எலுமிச்சம்பழம் நசுங்கியதோடு சரி. கடைசியில் ஒரு டிராக்டர் பேட்டரியை இரவல் வாங்கி ஸ்டார்ட் செய்தோம். என்ஜின் பிடித்ததும் மச்சான் முதல் வேலையாகப் பேட்டரியைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தனுப்பினார். டீசல் என்ஜின்தானே, ஓடத் தொடங்கிவிட்டால் பேட்டரி தேவையில்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. மச்சான் முகத்தில் மாப்பிள்ளைக் களை. அடுத்த இறக்கம் வந்ததும், வழக்கம்போல, என்ஜினை அணைத்துவிட்டார்.

"மச்சான், என்ன பண்றீங்க?"

"எறக்கத்துல எவனாச்சும் டீசலை எரிப்பானா மாப்ள?"

இறக்கம் முடிந்தது. வண்டியும் நின்றது. காடை கத்துவதுகூடக் கேட்டது.

தம்பிதான் இரண்டு ஜோடி மாடுகளை ஓட்டிவந்து பூட்டினார். இறங்கச் சொன்னால் மச்சான் இறங்கவில்லை. "ஸ்டியரிங் பிடிக்க ஆள் வேணாமா?" என்றார். கடைவீதி முழுக்க ரப்பர் ஆரனை அமுக்கிக்கொண்டே வந்தார். முன்னால் மாடு பிடித்துப் போன தம்பி திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ஆரன் நல்லாத்தாண்ணே அடிக்கிறீங்க."

இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து எழுமலை போனால், லாரி அதே மேட்டில் வெங்காயத்தோடு நிற்கிறது. மச்சான் ஸ்டியரிங்கில். நான்கு பேர் தள்ளினார்கள். சரிவில் பாதி தூரம் உருண்டதும் என்ஜின் பிடித்துக்கொண்டது.

"தள்ளுற மாதிரித் தள்ளுனா வண்டி வரும்டா," என்றார் தம்பியிடம்.

அந்த வண்டியிலேயே மதுரைக்கு வந்தேன். வழியில் ஒரு இறக்கத்திலும் அவர் என்ஜினை அணைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சந்தையில் சரக்கு இறங்கியதும் அவர் டீ குடிக்கப் போனார். நான் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். வெங்காயச் சாக்குக்குள் புத்தம்புதிய பேட்டரி. ஒரு மூலை மட்டும் வெளியே தெரிந்தது. சாக்கை இழுத்து அந்த மூலையையும் மூடி, சீட்டைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தேன்.