முப்பத்தாறு வீரர்களும் ஒரு கட்டைவிரலும்

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க வந்த படைகள் மலையடியில் வருடக்கணக்கில் காத்துக் கிடந்தன. பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் வசிக்கும் வெற்றிவேலின் படைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதற்குக் கிடைத்தது மூன்றே மணி நேரம்.

வெற்றிவேலுக்கு வயது நாற்பத்தெட்டு. பகலில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுவார். மாலையில் செஞ்சியின் பழைய மராட்டியர் ஆட்சியைக் கட்டிக் காப்பார். அதாவது, அந்தக் காலத்துப் போர்வீரர்களைச் சுண்டுவிரல் உயரத்தில் செய்து வண்ணம் தீட்டுவார். வாளுக்குத் தட்டி நசுக்கிய செம்புக் கம்பி, கேடயத்துக்குச் சட்டைப் பொத்தான், மீசைக்கு மூன்றே முடி விட்ட தூரிகை. மீசை வரைகிற நேரத்தில் வீட்டில் யாரும் தாளிக்கக் கூடாது. தும்மல் வந்தால் ஒரு தளபதி போய்விடுவார்.

நூலகத்தில் ஒரு கண்ணாடி அலமாரி காலியானது. ஊர்க்காரர் ஒருவருடைய கைவேலையை அதில் நிரந்தரமாக வைப்பதென்று வாசகர் வட்டம் தீர்மானித்தது. களத்தில் நின்றவை இரண்டு: வெற்றிவேலின் முப்பத்தாறு வீரர்கள், பார்த்திபனின் தீக்குச்சிக் கப்பல். செஞ்சியில் கடல் இல்லை என்பதைப் பார்த்திபனிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. தேர்வு செய்பவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் தங்கராஜ். படையில் ஒரு வரலாற்றுப் பிழை தெரிந்தாலும் அலமாரி கப்பலுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வீட்டுக்கே வருவதாக ஏற்பாடு.

அன்று மதியம் ஒரு மணிக்கு, சோற்றைப் பிசைந்தபடியே மனைவி கவிதா படையைப் பார்வையிட்டாள்.

"இன்னாங்க இது? மொத்தப் பட்டாளமும் பீச்சாங்கையில கத்தி புடிச்சினு நிக்குது?"

வெற்றிவேல் சிரித்தார். கிட்டே போய்ப் பார்த்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். மாதிரி வீரனைச் செய்வதற்காக அவர் தோசைக் கரண்டியை வலக்கையில் ஓங்கிக்கொண்டு பீரோ கண்ணாடி முன் நின்றார். எதிரே தெரிந்த ஆளைப் பார்த்து அப்படியே செய்தார். அந்த ஆள் ஓங்கியிருந்தது இடக்கையை. அவனை வைத்து அச்செடுத்து, மிச்சம் முப்பத்தைந்து பேரையும் வார்த்துவிட்டார்.

"ஒருத்தன் ரெண்டு பேரு அப்டி இருக்க மாட்டானா?"

"முப்பத்தாறு பேருமாடி இருப்பான்? சாரு கண்ணுல பட்டா கப்பலு உள்ள வந்துடும்!"

வாளையும் கேடயத்தையும் பெயர்த்துக் கை மாற்றி ஒட்டுவது ஒன்றே வழி. ஓங்கிய கைக்குக் கேடயமும் தாழ்ந்த கைக்கு வாளும் போய், பாய்கிற படை பதுங்குகிற படையாகிவிடும். ஆனாலும் மானம் தப்பும். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் சரியாக நான்கு மணிக்கு முடியும்.

ஆளுக்குப் பத்து நிமிடம் பிடித்தது. பழைய பசை சுலபத்தில் விடவில்லை. மின்விசிறிக் காற்றில் ஒரு கேடயம் பறந்து கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தது. கவிதா விசிறியை நிறுத்தினாள். வியர்வை மூக்கு நுனியில் திரண்டு ஒரு தலைப்பாகையைக் குறிபார்த்தது.

"மணி மூணு ஆவுது."

"சொல்லாத. டென்ஷன் ஆவுது."

மூன்றரை மணிக்கு, பதினான்காவது வீரனின் வாளை அழுத்திப் பிடித்திருந்தபோது, வாசலில் ஸ்கூட்டர் நின்றது. தங்கராஜ் எங்கும் அரை மணி முன்னதாகவே போகிறவர். வெற்றிவேல் பதறி எழுந்தார். வீரனும் கூடவே எழுந்தான். வாள்பிடியும் வெற்றிவேலின் வலக் கட்டைவிரலும் ஒன்றாக ஒட்டியிருந்தன.

கவிதா மாற்றாதவர்களைப் பின்னால் தள்ளி, மாற்றிய பதின்மூன்று பேரை முன்னால் நிறுத்தினாள். வெற்றிவேல் வலக்கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"வாங்க சார்."

"இன்னா தம்பி, பீச்சாங்கையில வணக்கம் வெக்கிற?"

"சுளுக்கு சார்."

தங்கராஜ் பூதக்கண்ணாடியை எடுத்தார். முன்வரிசையில் தலைப்பாகை, கச்சை, மீசை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பிரமாதம்! அலமாரிக்குக் குடுக்க சம்மதம்னு இதுல ஒரு கையெழுத்து போடு."

பேனா நீண்டது. வெற்றிவேல் பேனாவைப் பார்த்தார், பின்வரிசையைப் பார்த்தார். பிறகு மெல்ல வலக்கையை முன்னால் கொண்டுவந்தார். விரல் நுனியில் ஒரு மராட்டிய வீரன் விறைப்பாக நின்றான்.

"பின்னாடி இருபத்திரண்டு பேரும் பீச்சாங்கை சார். மாத்த நேரம் பத்தல."

தங்கராஜ் கட்டைவிரலுக்கு நேராகப் பூதக்கண்ணாடியைப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இவன் சரியாத்தான் புடிச்சிருக்கான்" என்றார். "சரியா இருக்கற பதினாலு பேரு அலமாரிக்கு வரட்டும். மத்தவங்க வூட்டுக் காவலுக்கு."

கவிதாவின் நகப்பூச்சு நீக்கியால் வீரனைப் பிரித்தார்கள். கொஞ்சம் தோலும் அவனோடு போயிற்று.

அலமாரியில் தங்கராஜ் கைப்பட எழுதிய அட்டை இருக்கிறது: 'பதினேழாம் நூற்றாண்டு. பிழையற்றது.' இரண்டாம் வரிசையில் மூன்றாவது வீரனின் வாள்பிடியில் ஒட்டியிருக்கும் தோல் மட்டும் இந்த நூற்றாண்டைச் சேர்ந்தது. அதை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.