லாக்கருக்குள் போன ஓடிபி

போன வாரம் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் பகல் முழுக்க நின்றேன். வேலை கேட்டு இல்லை, அந்த வயதெல்லாம் தாண்டிவிட்டது. உள்ளே இருந்த ஒரு பெண்ணுக்கு ஒரு சேதி சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டு மாடியில் பார்வதி வாடகைக்கு இருக்கிறாள். தென்காசிப் பக்கத்துப் பெண். அன்று காலை ஷிப்டுக்குப் போயிருந்தாள். அவளுடைய அம்மா என்னைப் போனில் கூப்பிட்டார். பார்வதியின் அப்பாவை மூச்சுத் திணறலோடு திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். மதியம் தொண்டைக்குள் குழாய் விடப் போகிறார்கள், விட்டபின் பேச முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"பிள்ள போன எடுக்க மாட்டேங்கா தம்பி. நீங்க எப்படியாவது சொல்லிருங்க. அவகிட்ட ஒரு வார்த்த பேசணும்னு கேட்டுக்கிட்டே கெடக்காவ."

அவள் எடுக்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அந்தக் கம்பெனியில் கேமரா உள்ள எதுவும் உள்ளே போகக் கூடாது. போனை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் லைனில் நிற்க வேண்டும். வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடம் அப்படி ஒன்றும் தூரமில்லை. ஸ்கூட்டரை எடுத்தேன். ஒரு பெண்ணைக் கூப்பிடச் சொல்வதில் என்ன கஷ்டம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

வாசலில் இருந்த செக்யூரிட்டி மரியாதையானவர். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். உள்ளே மட்டும் சொல்ல முடியாது என்றார்.

"ஆப்ல ரெக்வெஸ்ட் போடுங்கண்ணா. அப்ரூவ் ஆனா அதுவே உள்ள போயிடும்."

அங்கேயே நின்று ஆப்பை இறக்கினேன். ஊழியருக்கு நீங்கள் யார் என்று கேட்டது. தந்தை, தாய், கணவன், மனைவி, பாதுகாவலர் என்று வரிசையாக வந்தது. வீட்டு உரிமையாளர் என்று ஒன்று இல்லை. பாதுகாவலர் என்று தட்டினால் சான்றிதழைப் படம் எடுத்து ஏற்றச் சொன்னது. வேறு வழியில்லாமல் 'தந்தை' என்று தட்டினேன். ஊழியரின் கைபேசிக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகவும் அதை இங்கே இடுமாறும் பதில் வந்தது.

செக்யூரிட்டியிடம் காட்டினேன்.

"ஓடிபி அந்தப் பொண்ணு போனுக்குப் போயிருக்குது. அந்தப் போனு இப்ப எங்க கீது?"

"லாக்கர்லண்ணா."

"அப்ப யாருப்பா எடுத்துப் பாக்குறது?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "ஷிப்டு முடிஞ்சா அவங்களே பாப்பாங்கண்ணா."

கோபப்பட ஒரு முகம் வேண்டுமே, அது அங்கே கிடைக்கவில்லை. ஆப்பில் இருந்த உதவி எண்ணை அழைத்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லிவிட்டு ஆரம்பித்த இடத்துக்கே கொண்டுவந்து விட்டது. மனிதரோடு பேச எதை அழுத்த வேண்டும் என்று அது சொல்லவே இல்லை. உங்களுக்கும் கேஸ் இணைப்புக்கோ வங்கிக் கணக்குக்கோ இப்படி ஒரு முறையாவது நேர்ந்திருக்கும். அங்கே தாமதம்தான் ஆகும். இங்கே ஒருவர் பேச்சு போவதற்குள் பேசியாக வேண்டும்.

செக்யூரிட்டியின் கூண்டில் ஏசி ஓடியது. ரூம் ஸ்பிரே வாசம் அடித்தது. எனக்குத் தெரிந்த செக்யூரிட்டி கூண்டில் பன்னீர்ப் புகையிலை வாசம்தான் இருக்கும். அங்கே செக்யூரிட்டியாக இருந்த தணிகாசலம் போடுவார். கூண்டிலிருந்த ஒரே தொலைபேசியிலும் அந்த வாசம் ஏறியிருந்தது. ரிசீவரைக் காதில் வைத்தால் வீட்டிலிருந்து பேசுகிறவரே புகையிலை போட்டுக்கொண்டு பேசுவது போல இருக்கும்.

அது ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்யும் தொழிற்சாலை. நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த இடம். நாள் முழுக்கப் போன்களுக்குப் பின்மூடி மாட்டுவேன். எனக்கென்று ஒரு போன் கிடையாது. பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்ள போன் கம்பெனி" என்று என் வீட்டார் பெருமையாகச் சொன்னார்கள். பெண் வீட்டார் நம்பர் கேட்டதும் தணிகாசலத்தின் கூண்டு நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஊரிலிருந்து யாருக்குப் போன் வந்தாலும் அவர்தான் எடுப்பார். இன்டர்காமில் லைன் லீடரிடம் சொல்வார். லீடர் முதல் ஆளிடம் சொல்ல, சேதி கையிலிருந்து கைக்கு நகரும் போன் மாதிரியே லைனில் நகர்ந்து வரும். எல்லாச் சேதியும் ஒழுங்காக வந்தது என்று சொல்ல மாட்டேன். தணிகாசலம் தூங்கிவிடுவார், பெயரை மறந்துவிடுவார். ஒருமுறை யாருக்கோ பிறந்த குழந்தைக்கு இன்னொருவன் மிட்டாய் கொடுத்துவிட்டான்.

எனக்குப் பக்கத்தில் சுடலைமுத்து நிற்பான். சங்கரன்கோவில்காரன். ஒரு நாள் மேலேயிருந்து வந்த சேதி அவனைத் தாண்டிக் குதித்து என்னிடம் வந்தது. அவனுடைய அப்பா இறந்துவிட்டார். லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது, அவனைத் தவிர. ஒருவரும் அவன் பக்கம் திரும்பவில்லை. எங்கள் லீடர் எழிலரசி அக்கா வந்து, அப்பாவுக்கு லேசாக உடம்பு முடியவில்லையாம், கிளம்பு என்று அவனை அனுப்பினார். துணைக்கு என்னையும் அனுப்பினார். என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதுதான் மறக்க முடியாதது.

"பஸ் ஏத்துறதுக்கு முன்னாடி எதுனா துன்ன வெச்சுட்டு அப்பால சொல்லுடா. கேட்டுட்டான்னா துன்ன மாட்டான். ராத்திரி முழுக்கப் போவணும்."

பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு முன் ஒரு கடையில் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். தட்டை வழித்துச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

"விடுல. நீ துட்டு குடுத்தப்பவே தெரிஞ்சிட்டு," என்றான்.

கருமி என்று நான் எடுத்திருந்த பெயர் அன்று அவனுக்குச் சேதி சொல்லிவிட்டது. அதன்பிறகுதான் அவன் அழுதான்.

ஒரகடத்தில் மதியம் தாண்டியது. பார்வதியின் அம்மா மறுபடி கூப்பிட்டார். குழாய் விட்டாயிற்று. விடும்வரை அவளுடைய அப்பா வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாராம். அதன்பின் நான் திரும்பிப் போயிருக்கலாம். அப்பாவிடம் பேச முடியாமல் போனதையாவது நேரில் சொல்ல வேண்டும் என்று நின்றேன். எப்படிச் சொல்வது, எங்கே உட்கார வைத்துச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷிப்டு விட்டது. லாக்கரிலிருந்து எடுத்த போன்களைப் பார்த்தபடியே பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். பார்வதியும் அப்படித்தான் வந்தாள். என்னைப் பார்த்ததும் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழு. யாரோ அவளுடைய அப்பாவின் படத்துக்கு மாலை போட்டு, மேலே கண்ணீர் அஞ்சலி என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

"அப்பா போயிட்டாவளாம் அண்ணாச்சி," என்றாள்.

எனக்கு அது தெரியாது. சொல்ல வந்தவனுக்கு அவள்தான் சொன்னாள். நூறு பேருக்கு நடுவில், முதுகுப் பையைக் கூட இறக்காமல்.

நாற்காலி போட்டுக் கொடுத்த செக்யூரிட்டி அவளையும் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. காலையிலிருந்து சாப்பிட்டாளா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. சேதி தெரிந்தபின் கேட்டுப் பயனில்லாத கேள்வியாகிவிட்டது அது. ஒருவருக்கு மட்டும் தெரியாமல் சுற்றியிருக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு துக்கத்தைக் கொஞ்ச நேரம் தூக்கி வைத்துக்கொண்டிருப்போமே, அந்தக் கொஞ்ச நேரம் இப்போது யாருக்கும் இல்லை.