ஒரு நிமிஷத்துக்கு ஒரு மூட்டை

நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டால் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. நான் யாகூத்ஸ்க் சந்தையில் வளர்ந்தவன். உறைந்த மீனை விறகுக்கட்டை மாதிரி வாளியில் நிறுத்திவைத்து விற்கும் சந்தை அது. ஒரு மீனைத் தள்ளிவிட எங்கம்மா ஏழு பொய் சொல்வாள். எது பொய், எது பொய்யில்லை என்பது எனக்குத் தாய்ப்பாலோடு வந்த படிப்பு. இது பொய்யில்லை.

வடக்கே போக வழி கேட்டு இப்போதெல்லாம் நிறையப் பேர் என்னைத் தேடி வருகிறார்கள். கேமராவும் கையுமாக, சட்டையில் விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கோடையில் போகாதீர்கள், சேறு லாரியையே விழுங்கும். ஆறு நன்றாக உறையட்டும். உறைந்த ஆறுதான் அங்கே பாதை. வண்டி பனிக்கட்டிமேல் ஏறியதும் சீட் பெல்ட்டைக் கழற்றுங்கள், கதவைத் திறந்து குதிக்கத் தயாராக இருங்கள். செல்போன் காட்டும் வழியை நம்பாதீர்கள், எதிரே வரும் லாரிக்காரனைக் கேளுங்கள். வெங்காயத்தைப் பின்னால் ஏற்றாதீர்கள், கல்லாகிவிடும். இத்தனையும் மறந்துபோனால்கூடப் பரவாயில்லை, இரண்டை மட்டும் மறக்காதீர்கள். வழியில் கை காட்டி நிற்பவரை விட்டுவிட்டுப் போகக் கூடாது. அந்தக் குளிரில் அது கொலை. ஊர் போய்ச் சேரும்வரை என்ஜினை அணைக்கக் கூடாது. உறைந்த என்ஜின் மறுபடி கிளம்பாது, அது தற்கொலை.

இந்த இரண்டும் ஒன்றோடொன்று முட்டும் நாள் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அது டிசம்பர் மாதம். யானா ஆற்றின்மேல் போய்க்கொண்டிருந்தோம். நானும் என் மனைவியின் தம்பி அய்தாலும். வண்டியில் மாவு, சர்க்கரை, புத்தாண்டுக்கு ஆரஞ்சு. ஓட்டியது அய்தால். மலைக்கணவாயில் வண்டியை ஓரங்கட்டி, பாதைக்குப் படையல் என்று தோசை அளவுக்கு ஒரு மாவப்பத்தை வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தான்.

"பாதி அப்பம் வச்சா போதாதா, மாப்ள?"

"மலைகிட்டயே பேரமா, மச்சான்?"

"ஏன், மலை என்ன மொத்த வியாபாரியா?"

தலையிலடித்துக்கொண்டு கியரைப் போட்டான். அவன் நேர்மையான பையன். பேரம் பேசுகிறவன் நான்தான்.

வெளியே மைனஸ் ஐம்பத்துநான்கு. பிற்பகல் மூன்று மணி. எங்கள் வடக்கில் டிசம்பரில் மூன்று மணி என்றால் கும்மிருட்டு. ஆறு இடப்பக்கம் வளையும் இடத்தில், விளக்கு வெளிச்சத்தில், ஓர் ஆள் கை காட்டினார். பழைய கலைமான் தோல் அங்கி. தோளில் மூட்டை.

நிறுத்தினோம். நிறுத்தாமல் என்ன செய்வது? என் பக்கக் கதவைத் திறந்து, நான் நடுவுக்கு நகர்ந்து இடம் கொடுத்தேன்.

"ஏறுங்க பெரியவரே. வண்டி எங்க நிக்குது?" என்றான் அய்தால்.

"பின்னால."

பின்னால் நாங்கள் எந்த வண்டியையும் பார்க்கவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. உறைத்தது வேறொன்று. அந்தக் குளிரில் வாயைத் திறந்தால் புகை வரும். மாட்டுக்கும் வரும், நாய்க்கும் வரும். இவர் பேசினார். புகை வரவில்லை.

வெளிச்சக் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். பிளாஸ்க்கிலிருந்து பால் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையிலிருந்து ஆவி பறந்தது. அவர் கைக்குப் போனதும் நின்றது.

ஹீட்டர் காலடியில் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் பூட்ஸில் இருந்த பனி கரையவில்லை.

எங்கள் மூச்சு பட்டு அய்தால் பக்கக் கண்ணாடி வெள்ளையாய் உறைந்திருந்தது. அவர் பக்கக் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அப்போதுதான் துடைத்த மாதிரி...

"இந்தச் சத்தம்..." என்றார். "எங்க ஆளுங்க கூப்பிடுறது கேக்க மாட்டேங்குது. ஒரு நிமிஷம் அணைங்க."

"அணைச்சா விடியறதுக்குள்ள நாங்களும் உங்க ஆளுங்கதான், பெரியவரே."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சும்மா வேணாம். விலை தர்றேன்."

மூட்டையைப் பிரித்து ஒரு சேபிள் தோலை என் மடியில் போட்டார். சேபிள் என்பது கீரி மாதிரி ஒரு பனிக்காட்டுப் பிராணி. நகரத்தில் அந்த ஒரு தோலை விற்றால் ஒரு மாத வாடகை கட்டலாம். கறுப்பு மயிர், நுனியில் வெள்ளி. பொய் சொல்வானேன், வியாபாரி ரத்தம், கை தானாகத் தடவிப் பார்த்தது.

"அஞ்சு," என்றார்.

நான் வாயே திறக்கவில்லை.

"பத்து."

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. எதிராளி பேசாதபோது விலையை ஏற்றுகிறவன் வியாபாரி இல்லை. ஒரு நிமிஷத்துக்குப் பத்துத் தோல் தருகிறவன் நிமிஷத்தை வாங்கவில்லை. வேறு எதையோ வாங்குகிறான்.

தோலை எடுத்து அவர் மடியில் திருப்பிப் போட்டேன்.

லாரி மெதுவானது. ஆற்றின் நடுவில் நின்றது.

"என்னடா?"

அய்தால் கண் விழித்தபடி இருந்தான். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, கதவுக்கு வெளியே யாரோ பேசுவதைக் கேட்பவன் மாதிரி.

"மச்சான்... யாரோ கூப்பிடுறாங்க... சத்தத்துல சரியா கேக்கல..."

அவன் கை சாவிக்குப் போனது.

பாய்ந்து பிடித்தேன். அந்த விரல்கள்... கையுறைக்குள் இருந்த விரல்கள்... இரும்பு மாதிரி சில்லென்று இருந்தன.

டக்... டக்... டக்... என்ஜின் திணறியது.

"மூட்டை முழுசும்," என்றது வலப்பக்கத்துக் குரல். காதோரத்தில். காற்றே படாமல்.

"வேணாம்."

"உன் மச்சானுக்குச் சம்மதம்."

"அவன் பேச்சுக்கு எங்க வீட்லயே மதிப்பில்ல."

"என்ன விலைதான் வேணும்?"

"விக்கிறதுக்கு இல்லய்யா."

"எல்லாத்துக்கும் விலை உண்டு."

"இதுக்கு இல்ல. வேற கடை பாரு."

டக்... ... டக்... ...

அய்தாலின் காலோடு சேர்த்து ஆக்சிலேட்டரை மிதித்தேன். மீன் சந்தையில் கற்ற அத்தனை வசவும் வாயில் வந்தது. ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

என்ஜின் உறுமியது.

அய்தால் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன்.

"ஓட்டுடா! உங்கக்காவுக்கு நான் பதில் சொல்லணும்!"

திடுக்கிட்டான். கியர் விழுந்தது. வண்டி நகர்ந்தது.

என் ஒரு கை சாவிமேல். எடுக்கவில்லை.

வலப்பக்கம் திரும்பவில்லை.

தோளில் ஏதோ சாய்ந்திருந்தது.

கனமாக.

குளிராக.

ஊர் விளக்கு தெரிந்தது. கனம் போய்விட்டது. கதவு திறந்த சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். இருக்கை காலி. கோப்பை மட்டும் இருந்தது. அத்தனை ஹீட்டர் சூட்டிலும், தேநீர் கல்லாக உறைந்து.

அந்த ஊரில் கடை வைத்திருப்பவள் அக்குலினா அக்கா. சூடான மீன் சாற்றை முன்னால் வைத்தாள். நான் உளறிக்கொட்டியதை முழுக்கக் கேட்டாள். ஆள் எப்படி இருந்தான், எங்கே ஏறினான் என்று எதுவும் கேட்கவில்லை.

"எவ்வளவு தர்றேன்னான்?" என்றாள்.

"மூட்டை முழுசும்."

விளக்கை எடுத்துக்கொண்டு கிடங்குக்குக் கூட்டிப்போனாள். நவம்பர் கடைசியில், பாதை திறந்த புதிதில், அதே வளைவில் ஒரு லாரி நின்றிருந்ததாம். வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர். என்ஜினில் பழுதில்லை. டாங்கில் பாதிக்கு மேல் டீசல். சாவியைத் திருப்பி அவர்களே அணைத்திருந்தார்கள். இரண்டு பேரும் டிரைவர் பக்கமாக நெருக்கியடித்து, கதவோரம் ஓர் ஆள் உட்கார இடம் விட்டு, அப்படியே உறைந்திருந்தார்கள். அந்த இடத்தில் இருந்ததாம் இது.

விளக்கைத் தாழ்த்திக் காட்டினாள். மூட்டை. வாய் நிறைய சேபிள்.

என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. முதல் தரம். எதிலும் குண்டு பட்ட துளை இல்லை, பொறி கடித்த தழும்பு இல்லை. பேசிய விலையை ஒரு மயிர் குறையாமல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"ஊர்ல ஒருத்தனும் தொட மாட்டேங்கிறான்," என்றாள். "நீ வேணா எடுத்துட்டுப் போயேன். வியாபாரிதானே?"

"நான் விக்காத சரக்குக்கு முன்பணம் வாங்குறதில்லக்கா."

சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பியபோது, "வேற வழியில போலாமா மச்சான்?" என்றான் அய்தால். கன்னம் இன்னும் வீங்கியிருந்தது.

"வேற வழி ஏதுடா?"

அந்த வளைவு வந்ததும் ஹார்னை அழுத்திப் பிடித்தேன். அடுத்த வளைவுவரை கையை எடுக்கவில்லை. அவருக்குச் சத்தம் ஆகாதாமே.

இந்தக் குளிர்காலத்துக்கும் மாவு ஏற்றியாகிவிட்டது. அந்த வளைவில் யார் கை காட்டினாலும் நிறுத்துவேன். நிறுத்தாமல் போனால் நான் மனுஷனில்லை. ஏறட்டும், உட்காரட்டும், தேநீரும் தருவேன்.

என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.