அம்மா கடைசியாக விரித்த காகிதங்கள்

அம்மா இறந்து பதினோரு நாட்கள் ஆகின்றன. கூடத்தில் அவள் விரித்துவிட்டுப் போன செய்தித்தாள்கள் இன்னும் தரையில்தான் கிடக்கின்றன. அப்பா அவற்றை மிதிக்காமல் சுற்றி நடக்கிறார்.

அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் துணி வெட்டும் பிரிவில் இருந்தாள். நீளமான மேசையில் துணியை அடுக்கி, கை, கழுத்து, முதுகு என்று காகித அளவுகளை அதன்மேல் பரப்பி, துண்டு வீணாகாதபடி திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பார்கள். பிறகுதான் கத்தி. வீட்டிலும் அதே முறைதான். எடுத்தவுடன் எதையும் நகர்த்தமாட்டாள். பீரோ அளவுக்கு ஒரு காகிதம், கட்டிலுக்கு நான்கு தாள் ஒட்டியது, மேசைக்கு ஒன்று என்று வெட்டி, அவை போகப்போகும் இடத்தில் விரிப்பாள். ஒரு வாரம் நாங்கள் அவற்றைச் சுற்றி நடக்க வேண்டும். முட்டாமல் நடக்க முடிந்தால்தான் பொருள் நகரும்.

"என்னங்க, பீரோ மேல நிக்கிறீங்க!"

"கதவத் தொறந்து உள்ள போயிடட்டுமா?" என்பார் அப்பா.

அன்றைய செய்தித்தாளைத்தான் வெட்டுவாள். அப்பா பாதி படித்திருக்கும்போதே போய்விடும்.

இதற்கெல்லாம் காரணம் ஒருவர்தான். பெரியம்மா. அம்மாவின் அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு. பெரியப்பாவுக்கு நல்ல சம்பளம். வேண்டியதைக் கடையில் வாங்குவார்கள். அம்மா போய்ப் பார்ப்பாள். திரும்பி வந்து அரை நாள் பேசமாட்டாள். அப்புறம் கத்தரிக்கோல் சத்தம் கேட்கும்.

பெரியம்மா சாப்பாட்டு மேசை வாங்கினாள். எங்கள் வீட்டில் கழற்றி வைத்திருந்த பழைய கதவு ஒன்று, ஓடாத தையல் மெஷினின் இரும்புக் கால்கள்மேல் ஏறியது. பத்து வருடம் கதவின்மேல் சாப்பிட்டோம். தாழ்ப்பாள் ஓட்டை என் பக்கம். அதில் பென்சிலைச் செருகி வைப்பேன். பெரியம்மா திரைச்சீலை வாங்கினாள். எங்கள் போர்வைகள் இரண்டு சாயம் ஏறி ஜன்னலுக்குப் போயின. அந்த மழைக்காலம் முழுக்க மூன்று பேருக்கும் ஒரே போர்வை. பெரியம்மா கண்ணாடி அலமாரி வாங்கினாள். அம்மா எங்கள் துணி அலமாரியின் கதவைக் கழற்றி, உள்பக்கம் மிச்சத் துணி ஒட்டி, தட்டுகளை வரிசையாக நிற்க வைத்தாள். துணிகள் கட்டிலுக்கு அடியில் போயின.

"ஒரு பொருள் புதுசா வாங்கல. ஆனா அவ வீட்ட விட எடுப்பா இருக்கா இல்லையா?"

"இருக்கு இருக்கு. என் சட்டை எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிடு."

நான் இயந்திரங்களுக்கு வரைபடம் போடுபவள். ஆறு வருடத்துக்கு முன் சொந்தமாக வீடு வாங்கினேன். எல்லாம் புதிது. சோபா, சுவரோடு பதித்த அலமாரி, கண்ணாடி மேசை. அம்மா வந்தாள். சோபாவின் நுனியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நல்லா இருக்கு" என்றாள். மறுநாள் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா என்ன பண்றா?"

"டிவி பாக்குறா."

"பேசுறாளா?"

"நிறுத்தவே மாட்டேங்குறா."

மூன்றாம் நாளும் காகிதம் விரிக்கவில்லை. நான் திரைச்சீலையை மாற்றினேன். தொங்கு விளக்கு போட்டேன். மறுபடி அழைத்தேன். "நல்லா இருக்கு." அவ்வளவுதான்.

என் வீட்டைப் பார்த்து அம்மாவுக்கு ஒருமுறையாவது வயிறு எரிய வேண்டும் என்று இருந்தது. பெரியம்மாமேல் எனக்குப் பொறாமை. அவளிடம் இருந்த பொருட்களுக்காக அல்ல. அவற்றைப் பார்த்து அம்மா வாயடைத்துப் போன அந்த அரை நாட்களுக்காக.

இன்று காலை குந்தி உட்கார்ந்து காகிதங்களின் தேதியைப் பார்த்தேன். ஏழு காகிதங்கள். எல்லாம் பதினாறாம் தேதி. அம்மா என் வீட்டுக்குக் கடைசியாக வந்தது பன்னிரண்டாம் தேதி. இருபத்திரண்டில் மாரடைப்பு. என் வீட்டைப் பார்த்துத்தான் விரித்திருக்கிறாள். அந்த நேரம் பெரியம்மா உள்ளே வந்தாள்.

"தரையில என்னடி தேடுற?"

"தேதி பாக்குறேன். பன்னெண்டாம் தேதி அம்மா என் வீட்டுக்கு வந்தா. புது மேசை பாத்தா."

பெரியம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளும் குனிந்தாள்.

"பதிமூணாம் தேதி என் வீட்டுக்கு வந்தா. புதுக் கட்டில் பாத்தா. மெத்தைய அமுக்கிக்கூடப் பாத்தா."

"அமுக்கினா ஆச்சா?"

"உன் சோபால என்னைக்காவது சாஞ்சு உக்காந்தாளா? சொல்லு."

சரியான இடத்தில் குத்தினாள். "பேப்பர் விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"முப்பது வருஷமாத் தெரியும். மொத்தமே எட்டுத் தட்டு வச்சிருக்கேன், எனக்கு எதுக்குடி அவ்ளோ பெரிய அலமாரி? அவ வந்து பாக்கணும்னுதான். அவ பாக்கலன்னா நான் இனி என்ன வாங்கி என்ன?"

சொல்லிவிட்டு அழுதாள். நான் தேற்றவில்லை. அழுவதிலும் அவளே என்னை முந்துவதாகப் பட்டது.

அப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார். "ரெண்டு பேரும் நிறுத்துங்க. உங்க ரெண்டு பேர் வீடும் இல்ல. மேல் வீடு."

"மேல் வீடா?"

"புதுசா ஒரு பொண்ணு குடி வந்திருக்கே, அங்க. பதினாலாம் தேதி போய்ப் பாத்துட்டு வந்தா. ரெண்டு நாள் பேசல."

"ரெண்டு நாளா!" என்றோம் நானும் பெரியம்மாவும், ஒரே குரலில்.

அரை நாளுக்கு மேல் எங்கள் வீட்டில் கேள்விப்பட்டதில்லை. பெரியம்மா கண்ணைத் துடைத்தாள். சமையலறைக்குள் போய் ஒரு காலிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எதுக்கு?"

"இது உங்களோடதான்னு கேப்போம். சும்மா போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

மாடிப்படியில் அவள் முன்னால், நான் பின்னால். எப்படிப்பட்ட வீடாக இருக்கும் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் மூச்சு வாங்கும், தோற்றதுபோலவும் இருக்கும்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலையாம். பாத்திரத்தைப் பார்த்து, "எங்களோடது இல்லையே" என்றாள். பெரியம்மா அதற்குள் உள்ளே போயிருந்தாள்.

எங்கள் கூடத்தின் அதே அளவு. பதினாலுக்குப் பதினொன்று. உள்ளே ஒன்றுமில்லை. மூலையில் துணிப்பெட்டி, சுருட்டிய பாய், ஒரு தண்ணீர்க் குடம்.

"இன்னும் ஒண்ணும் வாங்கல," என்று கூச்சப்பட்டாள் அந்தப் பெண். "உக்காரச் சொல்லக்கூட நாற்காலி இல்ல."

ஜன்னல் வெளிச்சம் தடையில்லாமல் எதிர்ச்சுவர்வரை போனது. கீழே எங்கள் வீட்டில் அதே ஜன்னலில் பாதியைப் பீரோ மறைக்கிறது. அப்போதுதான் கீழே கிடக்கும் ஏழு காகிதங்களும் கண்முன் வந்தன. எல்லாம் ஒரே சுவரோரம், ஒன்றையொன்று ஒட்டி. ஜன்னல் பக்கம் ஒன்றுகூட இல்லை. நடுவில் முழுக்க வெறும் தரை. வரைபடம் போடும் நான் தேதியைப் படித்தேன். வரைபடத்தைப் படிக்கவில்லை.

"கீழ் வீட்டு ஆன்ட்டி தினமும் சாயங்காலம் வருவாங்க," என்றாள் அந்தப் பெண். "ஒரு மணி நேரம் உக்காருவாங்க. ஒண்ணும் பேசமாட்டாங்க. சுவர்ல சாஞ்சு, கால நல்லா நீட்டிப்பாங்க. ஒரு நாள் தூங்கிட்டாங்க."

பெரியம்மா பாத்திரத்தை இறுக்கிப் பிடித்தாள். இந்தப் பெண்ணிடம் ஒன்றும் இல்லை. அதைப் பார்த்துத்தான் அம்மா ஏங்கியிருக்கிறாள். நான் இனி எந்தக் கடைக்குப் போய் எதை வாங்குவது?

"எந்த இடத்துல உக்காருவாங்க?" என்றேன்.

"அங்க. ஜன்னலுக்குக் கீழ, இடது பக்கம்."

நான் ஓரடி எடுத்து வைத்தேன். பெரியம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் வலி. ஆனால் எனக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்துவிட்டாள். முதுகைச் சுவரில் சாய்த்தாள். கால்களை நீட்டினாள்.

"கொஞ்சம் நகருங்க பெரியம்மா."

"இவ்ளோ இடம் கிடக்கே. அங்க உக்காரு போ."

"எனக்கு இங்கதான் வேணும்."

அவள் நகரவில்லை. நான் அவள் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.