எந்தக் கட்சிக்காரர்?

வருமான வரிப் படிவம் நிரப்பும் வேலையில் கணக்குத் தப்பினால் திருத்திவிடலாம்; ஆள் கோபித்துக்கொண்டு எழுந்து போனால் திருத்த முடியாது. ஜூலை மாதத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த உங்கள் எல்லாருக்கும் இது தெரியும். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். ஓசூர் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்த அன்றே சார் சொல்லிவிட்டார்: சீசனுக்கு ஐம்பது பேர் வந்தால்தான் வேலை நிரந்தரம்.

கையெழுத்து

எங்கள் நோட்டில் ‘கட்சிக்காரர்’ என்று ஒரு கட்டம் உண்டு. எங்களிடம் வேலை கொடுப்பவர் என்று பொருள். உதிரிபாகக் கம்பெனியில் இருக்கும் பாகலூர்க்காரர் ஒருவர் அதைப் படித்ததும் பேனாவை மூடிவிட்டார்.

“ஏம்மா, நான் எந்தக் கட்சியிலயும் இல்ல. ஹெச்.ஆர். பாத்தா என் வேலை போயிடும்!”

ரசீது

ஜூஜுவாடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாய், தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கட்சிக்கும் நன்கொடை கொடுப்பவர். அதைக் காட்டி வரியைக் குறைக்கலாமா என்று கேட்டார். ரொக்கம் செல்லாது, பாங்க் வழியாகக் கொடுத்து ரசீது வாங்கியிருக்க வேண்டும் என்றேன். சிரித்துவிட்டார்.

“பத்துப் பேரு கல்லா முன்னாடி வந்து நிக்கும்போது, ஸ்கேனரக் காட்டுங்கண்ணேன்னு நீ கேப்பியா பாப்பா?”

பக்கத்து மாடி

கட்சிகளின் வருமானத்துக்கு வரி போடலாமா என்று டிவியில் விவாதம் நடந்துகொண்டிருந்த வாரம். பாகலூர்க்காரர் திரும்பி வந்தார். பக்கத்து மாடியில் ஒரு ஏஜென்ட் இருக்கிறாராம். யாரும் கேள்விப்படாத ஒரு கட்சிக்கு பாங்கில் நன்கொடை அனுப்பினால், கமிஷன் போக மீதி கைக்கே திரும்பிவிடுமாம். கட்டிய வரியும் ரீஃபண்டாக வருமாம். “நீயும் அப்படியே போட்டுடும்மா” என்றார்.

பொய்க் கணக்கு எழுத மாட்டேன் என்றேன். கணக்குக் காட்டினால்தான் கட்சிக்கும் விலக்கு என்று விளக்க ஆரம்பிப்பதற்குள் எழுந்துவிட்டார். அவர் கம்பெனியிலிருந்து எங்களிடம் வந்திருந்த பத்துப் பேரும் அவரோடு போனார்கள். அந்த சீசன் முப்பத்தொன்பதில் நின்றது. “இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம்” என்றார் சார்.

போகும்போது பாகலூர்க்காரர் சொன்னது:

“கட்சிக்கு வரி கிடையாது. அதுக்குக் குடுத்த மாதிரி நடிச்சா எனக்கும் கிடையாது. நடுவுல உனக்கு என்னம்மா வயித்தெரிச்சல்?”

நோட்டீஸ்

அடுத்த ஜூலையிலும் முப்பத்தொன்பதுதான். கடைசி வாரத்தில் கம்பெனி பஸ்ஸிலிருந்து பதினொரு பேரும் ஒன்றாக இறங்கினார்கள். ஆளுக்கொரு வருமான வரி நோட்டீஸ். பக்கத்து மாடி பூட்டிக் கிடந்தது. “எந்தக் கட்சிக்குக் கொடுத்தீங்க?” என்றேன். ஒருவருக்கும் பெயர் ஞாபகமில்லை. பொய் நன்கொடைக்குக் காட்டிய கழிவை எடுத்துவிட்டு, விட்ட வரியை வட்டியோடு கட்ட வேண்டும் என்று சொன்னேன். பாகலூர்க்காரர் நோட்டை இழுத்து, அதே கட்டத்தில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

“இனிமே உங்க கட்சிதான், போதுமா? போன வருசமே கொஞ்சம் கத்திச் சொல்லியிருக்கலாம்ல?”

முப்பத்தொன்பதும் பதினொன்றும் ஐம்பது. ஆக, என் வேலையை நிரந்தரமாக்கியது யாருக்கும் பெயர் தெரியாத அந்தக் கட்சிதான்.